டீ டம்ளர் வட்டத்தில் ஆறு இதழ்

போன மாதம் என் மருமகள் எனக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள், எதையும் யோசித்துத்தான் வாங்குவாள். "மாமா, பட்டறையில சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல போரடிக்காம இருக்கும். ஒரு பக்கம் கலர் அடிச்சா மனசு லேசாயிரும்" என்றாள். பிரித்துப் பார்த்தேன். மயில், யானை, பூந்தொட்டி எல்லாம் ஏற்கெனவே கோடு போட்டுக் கிடந்தது. உள்ளே கலர் அடிப்பது மட்டும்தான் என் வேலை. கூடவே இருபத்து நாலு கலர் பென்சில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோடு முழுவதையும் புத்தகம் போட்டவனே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொல்கிறான். நான் நாற்பது வருஷமாகப் புத்தகமும் இல்லாமல் வாத்தியாரும் இல்லாமல் வெறும் பேனாவை வைத்தே நேரத்தைக் கொன்றவன். இந்த மதுரை வட்டாரத்தில் என் அளவுக்குச் சும்மா கிறுக்கினவன் எவனும் இருக்க மாட்டான். நான் கிறுக்கின ஒரு கிறுக்கலை வைத்துச் சோழவந்தானில் ஒரு கொடிக்காலையே பாகம் பிரித்திருக்கிறார்கள். எந்த ஓவியனுக்கு அந்தப் பெருமை கிடைத்தது, சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் என்றாலும் கூடத்தான் போகும். பெருமைப்பட விஷயம் உள்ளவன் அடக்கமாக இருந்தால் அது நடிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்ற உட்கார்ந்தவன் நான். இன்றைக்கு அவனியாபுரத்தில் சொந்தப் பட்டறை, மாடியில் சொந்த வீடு. வைகைக் கரையில் கம்பிச் சுற்று எரிந்துபோன கிணற்று மோட்டார் எதுவானாலும் என் கை படாமல் மறுபடி தண்ணீர் இறைத்ததில்லை. இதில் ஒரு வார்த்தை மிகை கிடையாது. இருந்தால் அரை வார்த்தை இருக்கும்.

படிப்பு குறைந்தவன் சட்டைப்பையில் பேனா வைத்திருக்க வேண்டும் என்பது நானே கண்டுபிடித்தது. பட்டறைக்குக் கரண்டு இணைப்பு, லைசென்ஸ், அதில் ஒரு கையெழுத்து, இதில் ஒரு சீல் என்று நான் உட்காராத ஆபீஸ் பெஞ்சு இல்லை. "சார் மீட்டிங்ல இருக்காரு, உக்காருங்க" என்பார்கள். உட்காருவேன். சுவரில் பல்லி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பும். சார் திரும்ப மாட்டார். அந்த பெஞ்சுகள்தான் என் டிராயிங் கிளாஸ்.

முதலில் மனுப் படிவத்தில் அச்சடித்த எழுத்துகளில் ஓட்டை உள்ளதையெல்லாம் அடைப்பேன். ழகரத்தில் கொஞ்சம், ணகரத்தில் நிறைய. அது சலித்ததும் சுருள். நடுவில் ஒரு புள்ளி வைத்துப் பேனாவை எடுக்காமல் வெளியே வெளியே சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடக் கூடாது. தொட்டால் மோட்டார் எரிந்த மாதிரி, அடித்துவிட்டு முதலிலிருந்து. இது என் தொழில் எனக்குக் கொடுத்த படம். அப்புறம் அலை. மேலே ஒரு கோணல் கோடு, அதை ஒட்டியே அடுத்தது, அதை ஒட்டி இன்னொன்று. பத்துக் கோடு போட்டால் கண்ணுக்கு முன்னால் ஆறு ஓடும். வைகையில் இல்லாத தண்ணீர் என் மனுவில் ஓடும். கடைசியாக எனக்கு ரொம்பப் பிடித்த பூ. ஒரு வட்டம், சுற்றி ஆறு இதழ், ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். போன் பேசும்போது, சாவு வீட்டில், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது, என் கை எங்கே சும்மா இருக்கிறதோ அங்கே அந்தப் பூ பூத்துவிடும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. பேனா நகர்ந்துகொண்டே இருந்தால் பார்க்கிறவர்கள் நம்மைப் படித்தவன் என்று நினைத்துவிடுகிறார்கள். "ஏதோ குறிப்பு எடுக்கிறாரு, பெரிய ஆளு போல" என்று ஒரு பியூன் எனக்கு ஃபேனையே திருப்பிவிட்டான். நான் அப்போது ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் வரிசையாக இருந்த தாய்மாமன்மார் எல்லாருக்கும் மீசை போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெரிய ஆள் என்ற பெயர்தான் என்னை வம்பில் மாட்டியது. யார் வீட்டில் பாகப் பேச்சு, கிணற்றுத் தகராறு என்றாலும் "அண்ணனைக் கூப்பிடு, அவரு பொதுவா பேசுவாரு" என்று வந்துவிடுவார்கள். எல்லார் கிணற்றிலும் என் மோட்டார் ஓடுவதால் எல்லார் சண்டையும் எனக்குத் தெரியும் என்று நினைப்பு. தெரியும்தான்.

சோழவந்தானில் ஒரு ஏக்கர் கொடிக்கால். வெற்றிலை விளைகிற பூமி. அகத்தி மரம் நட்டு, கொடி ஏற்றி, நடுவே வாய்க்கால் போகும். கிணறு மேற்கே, ரோடு கிழக்கே. அப்பன் போய் ஒரு வருஷம். மகன்கள் இரண்டு பேர், அவர்களுக்கு மூத்தவளாக ஒரு அக்கா. அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த மறுநாள் கொடி கட்ட இறங்கியவள்தான். அப்பனோடு கொடி கட்டியது, தண்ணீர் பாய்ச்சியது, வெற்றிலை கிள்ளி நூறு நூறாகக் கவுளி அடுக்கியது எல்லாம் அவள். தம்பிகளில் மூத்தவனுக்கு உரக்கடை, இளையவனுக்கு வேன்.

மூத்தவன்தான் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை வந்திருங்கண்ணே. எங்க ரெண்டு பேருக்குள்ளதான் பேசணும்."

"அக்காளுக்கு?"

"அது பிரச்சனை இல்லண்ணே. பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துரும். தம்பிங்க மேல அம்புட்டுப் பாசம்."

"சரிப்பா" என்றேன். பெரிய நியாயஸ்தன் கேட்ட கேள்வி அந்த ஒன்றுதான். பதில் வந்ததும் திருப்தியாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூத்தவன் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தோம். நானும், ஊர்க்காரர் இரண்டு பேரும், அண்ணன் தம்பியும். அக்கா எனக்கு ஒரு சின்ன டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து கறிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. அந்த வாசம் ஒன்றுதான் அன்றைய பேச்சில் சாரமுள்ளது.

"ஒம்பதாப்பு படிக்கையில எனக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்தாரா அப்பா? உனக்கு மட்டும் வாங்குனாரு" என்று இளையவன் ஆரம்பித்தான்.

"அந்தச் சைக்கிள்ல உன்னைப் பின்னாடி வச்சு மிதிச்சது யாருடா?"

"டயர் பஞ்சரானா தள்ளிட்டு வந்தது நானு!"

கொடிக்கால் பேச்சு வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மடியில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை கிடந்தது. திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. பேனாவை எடுத்தேன். தாளை வைத்துக்கொள்ள ஸ்டூலில் இருந்த டம்ளரை நகர்த்தினபோது டீ வழிந்து, அதன் ஈர அடி பட்டு, பத்திரிகையின் இடது மேல் மூலையில் டம்ளர் அளவுக்கு வட்டமாக ஒரு கறை விழுந்தது. முதலில் பெரிய செவ்வகம் ஒன்று. அதற்குள் மேலிருந்து கீழாக ஒரு அலை. இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பெட்டி. சைக்கிள் பேச்சு போய், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் பழச்சாறு வாங்கி வந்தது என்பது வரைக்கும் பேச்சு வந்திருந்தது. நான் டீக்கறை வட்டத்தைச் சுற்றி இதழ் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது இதழை முடித்து நிமிர்ந்தபோது ஹாலில் சத்தமே இல்லை.

எல்லாரும் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கடா" என்றார் ஊர்க்காரர் ஒருவர், குரலைத் தாழ்த்தி. "நீங்க கத்திக்கிட்டிருக்கீக. அண்ணன் பாட்டுக்குப் பாகத்தைப் போட்டு முடிச்சுட்டாரு."

மூத்தவன் தாளை எடுத்துக்கொண்டான். இளையவன் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அன்று காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

"இந்த வளைவு வாய்க்காதானண்ணே? வாய்க்காலை வச்சுப் பிரிச்சிருக்கீக. அப்ப ரோட்டுப் பக்கம் மூத்தவன் எனக்கு."

"கெணத்துப் பக்கம் எனக்கு" என்றான் இளையவன் வேகமாக.

அது சும்மா கிறுக்கல் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பாருங்கள், ஐந்தாம் வகுப்புப் படித்தவன் நாற்பது வருஷம் கட்டின பெயர் அது. ஒன்றரை மணி நேரம் இவர்கள் குறையைக் கேட்காமல் பூப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினவனை ஊர் இன்னும் பெரிய ஆளாகப் பார்க்கிறது.

"அந்தக் கெணத்து மூலையில பூப் போட்டிருக்கே, அது என்னண்ணே?" என்றான் இளையவன்.

எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்கிறவன் நான். அன்றைக்கு வரவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், சோறு ரெடியாகிவிட்டால் பேச்சை அதில் திருப்பலாம் என்றுதான் பார்த்தேன். வாசலில் அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்த பக்கம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்காளுக்கா?" என்றான் மூத்தவன்.

கரண்டியிலிருந்து குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"ம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்ன வார்த்தை அதுதான். அதற்கு அப்புறம் ஊர்க்காரர் இரண்டு பேரும் என் நியாயத்தை விளக்க ஆரம்பித்தார்கள். எனக்கே தெரியாத காரணமெல்லாம் சொன்னார்கள். உழைச்ச பிள்ளை வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னு அண்ணன் நெனச்சிருக்காரு, கெணத்தடி மூலையாப் பாத்துக் குடுத்திருக்காரு, தண்ணிக்கு அவ யாரையும் கெஞ்ச வேணாம் பாருங்க. கேட்கக் கேட்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. தாளை அளந்து, பூ இருபது செண்ட் என்று முடிவு செய்தார்கள். கறி நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் அக்கா தண்ணீர் ஊற்றினாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணே, பத்திரத்துல எழுதிருவாகளா? பேச்சோட போயிராதே?"

"நான் இருக்கேன்ல தாயி."

"இதுவும் இல்லன்னா தம்பி பொண்டாட்டிக ரெண்டு பேரு வீட்டுலயும் மாத்தி மாத்தி இருக்கணும்ணே. ஆறு மாசம் இங்கிட்டு, ஆறு மாசம் அங்கிட்டு. மோட்டாரைக் கழட்டி மாட்டுற மாதிரி" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் பூப் போட ஆரம்பித்தேன். மூன்று இதழோடு நிறுத்திவிட்டேன்.

பத்திரம் எழுத அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள். நடுவில் ஒரு நாள் மதியம் இளையவன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள் வந்தான். நான் போனில் இருந்தேன். ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி ஆர்டர் சொல்லிவிட்டு, "லைன்லயே இருங்க சார்" என்று அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். பாட்டு முடிகிற வழியாக இல்லை. அவனும் சலித்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

சுவரில் மாதக் காலண்டர். அதில் வெள்ளிக்கிழமைகளுக்குப் பக்கத்தில் ஆறு இதழ்ப் பூ. மேசையில் பழைய டைரி அட்டை, பூ. மோட்டார் பெட்டி அட்டையில் பூ. ஸ்விட்ச் போர்டு பக்கத்துச் சுவரில், வெள்ளையடித்த மறுவாரம் போட்டது, ஒரு கொத்துப் பூ. எல்லாம் பார்த்துவிட்டு அவன் கண் கடைசியில் என் கையில் வந்து நின்றது. என் கை போன் பில்லின் ஓரத்தில் அப்போதுதான் ஐந்தாவது இதழை முடித்துக்கொண்டிருந்தது.

நான் போனை வைத்தேன்.

"இந்தப் பூ யாருக்குண்ணே?" என்றான்.

ஐந்தாவது இதழோடு பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஊரெல்லாம் எங்கக்காளுக்குப் பங்கு குடுத்திருக்கீகளாக்கும்? காலண்டர்ல இருக்கு, செவுத்துல இருக்கு, அட்டைப்பெட்டியில இருக்கு. கூட்டிப் பாத்தா மதுரை ஜில்லாவே அதுக்குத்தான் போல."

"உக்காருப்பா."

"உக்காந்துதாண்ணே இருக்கேன். நீங்க அன்னைக்குச் சும்மா கிறுக்குனீக. உங்க கிறுக்கலுக்கு என் பங்குல இருபது செண்ட் போகுது, கெணத்தடியில. நல்ல நெலம்ணே அது. நான் அண்ணங்கிட்டச் சொல்லப் போறேன், பூ செல்லாதுன்னு."

எனக்கு முதலில் வந்தது வெட்கம். ஊரில் போய்ச் சொல்வான், டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள், என்னைக் கண்டால் தாளை மறைப்பார்கள். அடுத்துத்தான் அந்த ஆறு மாசம் இங்கிட்டு, ஆறு மாசம் அங்கிட்டு ஞாபகம் வந்தது. வரிசை அப்படித்தான் வந்தது, மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவதாக வந்தது போகவில்லை.

"சரிப்பா" என்றேன். "நீ சொல்றது வாஸ்தவம். பூவை நான் சும்மாதான் போட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது.

"அந்த அலையையும் சும்மாதான் போட்டேன்."

"எந்த அலை?"

"நீ வாய்க்கான்னு சொன்னியே, அது. போன் பில்லுல பாரு, கீழ ஒண்ணு ஓடுது. அதுக்கு எந்த ஊரு வாய்க்கா? பெட்டியும் சும்மா போட்டதுதான். மொத்தத் தாளும் கிறுக்கல். பூ செல்லாதுன்னா கோடும் செல்லாது, கோடு செல்லாதுன்னா கெணறு உன் பக்கம்னும் செல்லாது. உங்கண்ணனுக்குப் போனைப் போடுறேன். வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி மொதல்ல இருந்து உக்காருவோம். சைக்கிள்ல இருந்து."

போனைக் கையில் எடுத்தேன். நிஜமாகவே நம்பரைத் தேடினேன். அவன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். கிணறு அண்ணன் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"பூ இருக்கட்டும்ணே" என்றான்.

"இல்லப்பா, நியாயம்னா நியாயம்."

"நீங்க அழகாத்தாண்ணே போட்டிருக்கீக. இருக்கட்டும்" என்று எழுந்துகொண்டான். வாசலில் நின்று திரும்பி, "அண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்ணே" என்றான். "எதை?" என்றேன். போய்விட்டான்.

இதை நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன் என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். "மாப்ள, வக்கீலுக்குப் படிக்க வேண்டிய ஆளு நீயி" என்றான். மறுக்கவில்லை. ஆனால் அவனை மடக்கினதைத்தான் நான் செய்தேன். சரியான பங்கைக் கொடுக்கவில்லை. மூன்று பிள்ளைக்கு ஒரு ஏக்கர் என்றால் இருபது செண்ட் எப்படிச் சரியாகும் என்று எனக்கு அன்றைக்கே கணக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வகுத்தல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்கலாம் என்று நினைத்தேன். மறுபடி தொடங்கினால் அந்த இருபதும் போய்விடுமோ என்று பயம். பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்திர ஆபீசுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம். சாட்சிக் கையெழுத்துக்கு நான். டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். சர்வேயர் அளந்து பூவைச் சதுரமாக்கியிருந்தார். இதழ் வாரியாகக் கல் நட முடியாது என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு பெஞ்சு. எதிர் பெஞ்சில் அக்கா, பக்கத்தில் நான். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் இருந்த பையில் எனக்காக இரண்டு கவுளி வெற்றிலை.

பத்து மணி. பதினொன்று. சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார்கள். என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது. பேனாவை எடுத்தேன், டோக்கன் சீட்டைத் திருப்பினேன். ஒரு புள்ளிதான் வைத்திருப்பேன். எதிர் பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"அண்ணே, என்ன வரையிறீக?" என்றான் மூத்தவன்.

"ஒண்ணும் இல்லப்பா."

"எழுதின பத்திரம் எழுதினதா இருக்கட்டும்ணே" என்றான் இளையவன்.

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆபீசில் சும்மா உட்கார்ந்தேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்குப் போரடிக்குமேண்ணே" என்றாள் மெதுவாக.

"என்ன செய்ய தாயி."

"அன்னைக்கும் போரடிச்சுத்தானே போட்டீக?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தம்பிகள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ வச்சிட்டுப் போயி அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தாண்ணே இருந்தேன். மொதல்ல கறை விழுந்துச்சு. அப்புறம்தான் நீங்க அதச் சுத்தி எதழு போட்டீக."

"தெரிஞ்சும் ஏன் தாயி சொல்லல?"

"நீங்களும் சொல்லலையேண்ணே."

உள்ளே யாரோ சிஸ்டம் வந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். எல்லாரும் டோக்கனைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் பையை இடுப்பில் செருகின மாதிரி அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தந்தாண்ணே" என்றாள். "இப்படின்னு தெரிஞ்சிருந்தா, டீயைச் சொம்புல குடுத்திருப்பேன்."